பளிங்குத் தாள் உரிந்த பிறகு

வைகாசி மழையின் இரண்டாவது வாரத்தில் எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்த பளிங்குத் தாள் மேல்மூலையிலிருந்து உரியத் தொடங்கிற்று. வெள்ளைப் பளிங்கில் பொன்னிற நரம்பு ஓடுவது போல அச்சிட்ட அந்தப் பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சுவர் முழுவதும் ஒட்டுவதற்கு 38,000 ரூபா கொடுத்திருந்தேன். பத்து ஆண்டுக்கு அசையாது என்றார் விற்றவர். பதினொரு மாதம் தாங்கியது. நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். கடற்காற்றின் ஈரமும் சுவருக்குள் ஊறியிருந்த உப்பும் சேர்ந்து பசையைத் தின்றுவிட்டன. ஒரு நாள் காலையில் தேநீருடன் வந்து பார்த்தபோது தாள் முழுவதும் சுருண்டு தொலைக்காட்சியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு பிள்ளை, நேற்று வரைக்கும் ஏதோ நகைக்கடைக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடந்தது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது; ஆனால் அம்மா சொன்னதில் பிழையில்லை. சோபாவில் அமர்ந்து பார்த்தால் அதே நரம்பு நான்கு அடிக்கு ஒரு தடவை திரும்பவும் அதே வளைவுடன் வருவது எவர் கண்ணுக்கும் தெரியும். அந்தத் தாள் யாரையும் ஏமாற்றவில்லை, என்னைத் தவிர. அதன் பிறகு வீட்டுக்கென்று எதை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: இது தானாகவே இருக்கிறதா, வேறொன்றைப் போல நடிக்கிறதா? மலிவான பருத்தித் துணி பருத்தித் துணியாகவே தொங்கும்போது வீட்டுக்கு ஒரு குறையும் வருவதில்லை. மலிவான பிளாஸ்டிக் தன்னைப் பளிங்கு என்று சொல்லிக்கொள்ளும்போதுதான் வீடு முழுவதும் மலிந்துபோகிறது.

எங்களுடையது தொண்ணூறுகளில் கட்டப்பட்ட தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் 740 சதுர அடி வீடு. வங்கிக் கடன் மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பெரிய கடி கடித்துவிடுவதால், ஒன்றரை ஆண்டில் வீட்டுக்கென்று நான் ஒதுக்க முடிந்தது மூன்று இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் உள்ளக வடிவமைப்பாளரை அழைத்தால் அவர் வரைந்து தரும் படங்களுக்கே அந்தப் பணத்தில் பாதி போய்விடும்.

செலவைத் தொடங்குமுன் நான் செய்த ஒரே நல்ல காரியம், பகத்தலே வீதியின் 33ஆம் ஒழுங்கையில் இருக்கும் 11ஆம் இலக்க வீட்டைப் போய்ப் பார்த்ததுதான். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்படுத்தி ஒரே வீடாக இணைத்துக்கொண்ட இடம் அது. கோட்டேயில் நாடாளுமன்றத்தைக் கட்டியவரின் வீட்டில் தங்கமும் பளிங்கும் இறைந்து கிடக்கும் என்று எண்ணிப் போனால், நீண்ட வெள்ளை நடைபாதை ஒன்றும், வானத்துக்குத் திறந்த சிறு முற்றங்களும், அவற்றின் வழியே வந்து சுவரில் படியும் வெளிச்சமுந்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பழைய செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள்கூட அங்கே நிற்கின்றன. இடிபட்ட வீடுகளிலிருந்து வந்த பொருள்களை அவர் வெறுமையான வெள்ளைச் சுவருக்கு முன்னால், நெருக்கமில்லாமல், தனியாக நிறுத்தியிருக்கிறார். அந்த ஆள் பணக்காரர்தான், எங்களுக்கும் அவருக்கும் ஒப்பீடே இல்லை; ஆனாலும் அந்த நடைபாதையில் நின்றபோது, நான் கண்ணால் அனுபவித்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பகுதி சுண்ணாம்பு நிறமும் நிழலுமே என்பது உறைத்தது. இரண்டும் எனக்குக் கட்டுபடியாகும்.

ஆகவே வெளிச்சத்திலிருந்து தொடங்கினேன். இலங்கையில் பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு வெள்ளை மின்குமிழ் இருந்தது. கடைக்குப் போய்க் குமிழ் கேட்டால் கேள்வியின்றி எடுத்துத் தருவது 6500 கெல்வின் 'டேலைட்' வகைதான்; கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு. நண்பகல் வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம் அது; அதை இரவு எட்டு மணிக்கு வரவேற்பறையில் எரியவிட்டால் முகங்கள் வெளிறி, மரம் சாம்பல் பூத்து, இருக்கும் இடம் மருந்துக் கடை போலாகிவிடுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும் 'வார்ம் வைட்' வகையைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டு வாங்கினேன். அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கும். நிறங்களைக் குமிழ் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 80 சாதாரணம், 90 கிடைத்தால் விடக்கூடாது. மாம்பழத்தையும் சேலையையும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சமையலறைக்கு மட்டும் 4000 போட்டேன். மீனின் செவுளைப் பார்க்கத் தெளிவான வெளிச்சம் வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

நிறத்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது உயரந்தான். தலைக்கு மேல் நடுவில் ஒரே குமிழ் எரியும்போது அறையின் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் தெரியும். நிழலே இல்லாததால் அறை தட்டையாகிவிடும். அந்த 9 வாட் குமிழை இப்போது கூட்டிப் பெருக்கும்போது மட்டும் போடுகிறோம். அதற்குப் பதிலாகக் கதிரைக்கருகில் நிற்கும் விளக்கு ஒன்று, அலுமாரியின் மேல் ஒன்று, மூலையில் தரையை ஒட்டி ஒன்று என மூன்று இடங்களில், அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அருகே, 5 வாட் குமிழ்கள் எரிகின்றன. அவற்றில் ஒன்றின் அடிப்பாகம் சந்தையில் வாங்கிய சாதாரண மண்குடம். கழுத்து வழியே வயரைவிட்டுக் கைத்தறித் துணியில் மூடி தைத்தேன். எல்லாமாக 2,600 ரூபா ஆயிற்று. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மின்விசிறி சுழலும் வட்டத்துக்கு மேலே எந்த விளக்கையும் வைக்கக்கூடாது. இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழலைத் துடிக்கவிடும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். முதல் வாரம் நாங்கள் அதை அனுபவித்தோம்.

திரைச்சீலையில்தான் நான் அதிகம் கற்றேன், அதிகம் சொதப்பியதும் அங்கேதான். எங்கள் யன்னல் ஐந்து அடி அகலம், நான்கு அடி உயரம். முன்பு யன்னல் சட்டத்தின் மேல் விளிம்பிலேயே கம்பியை அடித்து, யன்னலின் கீழ் விளிம்போடு முடியும் குட்டைச் சீலைகளைத் தொங்கவிட்டிருந்தோம். ஒன்பது அடிச் சுவரில் அது பொட்டு வைத்தது போலிருந்தது. கம்பியைக் கூரையிலிருந்து நான்கு அங்குலம் கீழே உயர்த்தி, யன்னலின் இரு பக்கத்திலும் எட்டு அங்குலம் நீட்டி, சீலையைத் தரை வரை இறக்கியதும் அதே சுவர் ஓர் அடி வளர்ந்துவிட்டது போலத் தெரிந்தது. சீலையை விலக்கும்போது அது கண்ணாடியை மறைக்காமல் சுவரின் மேல் ஒதுங்கி நிற்பதால் யன்னலும் பெரிதாகிவிட்டது. துணியின் அகலம் யன்னலின் அகலத்தைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுத்து மூடும்போது மடிப்பே இல்லாமல் படுக்கை விரிப்பைக் காயப்போட்டது போல நிற்கும். 45 அங்குல அகலத் துணியில் மூன்று பட்டை, பட்டைக்குப் பத்து அடி, ஆக யன்னலொன்றுக்குப் பத்து யார் (கெஜம்) துணி என்று கணக்குப் போட்டேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் வெளிர்நிறப் பருத்தித் துணி யார் 850 ரூபாவுக்குக் கிடைத்தது. பட்டுப் போல மினுங்கும் பொலியெஸ்டர் அதைவிட விலை கூட.

சொதப்பல் எதுவென்றால், முதல் யன்னலுக்குத் துணியை நனைத்துக் காயவைக்காமலே தைத்துவிட்டேன். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும் என்பது தையற்காரிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அவசரம். ஒரே கழுவலில் மூன்று அங்குலம் மேலே போய், சீலை வெள்ளத்தில் நடப்பவரின் சாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளையாக அடிமடிப்புக்கு நான்கு அங்குலம் விட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் அமர்ந்து பழைய தையலைப் பிரித்து, மடிப்பை ஓர் அங்குலமாக்கி, நுனியில் பாரத்துக்காகப் பழைய ஐந்து ரூபாக் குற்றிகளை வைத்துத் தைத்தேன். இரண்டாம் யன்னலின் துணி இரவு முழுவதும் வாளியில் ஊறியது. இப்போது இரண்டு சீலைகளும் தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நேராக விழுகின்றன. மாலை வெயில் கடற்பக்கமிருந்து வரும்போது அந்த அரை அங்குலத்தினூடாக ஒரு மெல்லிய ஒளிக்கோடு தரையில் ஓடுகிறது.

சுவருக்கு ஹற்றனைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். "அக்கா, பெயின்ட் அடிக்கிறது ரெண்டு நாள் வேல, சுவத்த ஆக்கி எடுக்கிறதுதான் நாலு நாள் வேல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நிறத்தைத் தேர்வதில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்னது பிடிக்கவில்லை. ஆனால் அவர் கைப்பேசியின் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டியபோது, இத்தனை ஆண்டும் சமதளம் என்று நான் நம்பிய சுவர் மேடும் பள்ளமுமாக, ஆணித் துளைகளும் பழைய தூரிகைக் கோடுகளுமாகத் தெரிந்தது. பளிங்குத் தாள் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தது. அதை மூடிப் பூசிவிட்டால் அடுத்த மழையில் பெயின்ட் கொப்புளம் போடும் என்பதால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடினோம். மேல்வீட்டு ஏசியின் தண்ணீர்க் குழாய் எங்கள் வெளிச்சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று அடிக் குழாய்த் துண்டு ஒன்றில் அது தீர்ந்துவிட்டது. பிறகு உப்பைச் சுரண்டி, சில வாரம் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சுப் பூசி, பள்ளங்களை நிரப்பும் 'பில்லர்' பசையை இழுத்து, முதலில் 120ஆம் இலக்க உப்புத்தாளாலும் பின்னர் 220ஆம் இலக்கத் தாளாலும் தேய்த்தார். நிறம் வெறும் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள், மினுக்கம் இல்லாத 'மட்' வகை. மினுங்கும் பெயின்ட் சுவரின் ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். கூரைக்கும் அதே நிறத்தைப் பூசியதால் சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு உடனே பிடிபடுவதில்லை. சுவிட்சுகளின் மூடிகளை, மெயினை அணைத்துவிட்டு, கழற்றி வைத்துத்தான் பூச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மூடியின் விளிம்பில் பூச்சு வழிந்திருக்கும் வீடு எத்தனை இலட்சம் கொட்டியிருந்தாலும் அரைகுறையாகவே தெரியும். கூலியும் பொருளும் சேர்த்து 60,000 ரூபாவைத் தொட்டது. முழுச் செலவில் இதுவே பெரியது, இதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தளபாடத்தில் புதிதாக எதையும் வாங்கவில்லை. ரெக்சின் சோபாவுக்குக் கைத்தறியில் உறை தைத்தோம். பேச வேண்டியது அப்பப்பாவின் சாய்மனைக் கதிரையைப் பற்றி. 2002 இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏறிவந்த கதிரை அது. யாரோ ஒரு காலத்தில் அதற்குக் கபில நிற இனாமல் பெயின்டை இரண்டு பூச்சு அடித்திருந்தார்கள்; பிரம்பு கிழிந்து, பல்கனியில் பழைய பத்திரிகைகளைச் சுமந்துகொண்டிருந்தது. மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் கொடுத்தேன். அவர் கைப்பிடியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டிவிட்டு, பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: உள்ளே தேன் நிறத்தில் பலா. பலாமரம் அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து ஆண்டுகள் போகப்போகச் செம்பழுப்பாக முற்றும் மரம். எழுபது, எண்பது ஆண்டு முற்றிய நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இனாமலை உரித்து, அரக்குப் பொலிஷைத் துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றித் தந்ததற்கு 14,000 ரூபா வாங்கினார்.

பிரம்புக்குக் கண்டி வீதியில் வெவல்தெனியவுக்குப் போனேன். பிரம்பு வேலைக்குப் பேர்போன இடம். சட்டத்தின் விளிம்பில் வரிசையாக இருக்கும் துளைகளில் நனைத்த பிரம்பு நாரைக் கோத்து, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, மறுபடி நெடுக்காக, மறுபடி குறுக்காக, கடைசியில் இரு பக்கச் சாய்வாக என்று அடுக்கடுக்காகப் பின்னுகிறார்கள். எண்கோணக் கண்கள் மெல்ல மெல்லத் தோன்றும். இயந்திரத்தில் பின்னிய பாயாக வாங்கி ஓரத்தில் பசை வைத்து அழுத்தும் முறையும் உண்டு, விலையும் பாதிதான். துளையுள்ள பழைய கதிரைக்கு அது பொருந்தாது. பின்னியவர் சொல்லித்தந்த ஒன்று: பிரம்பு தொய்ந்தால், அடிப்பக்கத்தை ஈரத் துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிட வேண்டும், தானே இறுகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தக் கதிரை எங்கே வாங்கியது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சோபாவைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கை தொடும் இடங்களுக்குக் கொஞ்சம் பணம் போவதில் பிழையில்லை. சமையலறை அலுமாரிகளின் துருப்பிடித்த பதினான்கு கைப்பிடிகளைப் பழைய சோனகத் தெருவில் மாற்றினேன். போகுமுன் இரண்டு திருகுத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ள வேண்டும். 96 மில்லிமீற்றரும் 128 மில்லிமீற்றரும்தான் வழக்கம், தவறினால் புதுத் துளை போட்டுப் பழையதை அடைக்க நேரிடும். கடலோரத்தில் குரோம் பூசிய இரும்பு ஓர் ஆண்டில் கொப்புளிக்கும். துருப்பிடிக்காத உருக்கில் 304 வகையிலேயே தேநீர்க் கறை போலப் படியும், 316 வகையில் மொலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். நான் பித்தளையை எடுத்தேன். கறுத்தாலும் அழகு, புளி போட்டுத் தேய்த்தாலும் அழகு.

கூரையை ஜிப்சம் பலகையால் இறக்கி வரிசையாகக் குழிவிளக்குப் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை தந்தார்கள். ஒன்பது அடி வீட்டில் அரை அடியைத் தின்னக் கொடுப்பதற்குப் பணமும் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை.

பணமே இல்லாமல் நடந்தவையும் உண்டு. தொலைக்காட்சியின் வயர்கள் அலுமாரியின் பின்னால் போயின. கண்ணாடி அலுமாரியில் இருந்த பிளாஸ்டிக் பூக்களும், பெட்டியோடு வைத்திருந்த தேநீர்க் கோப்பைகளும், யார் கலியாணத்தில் கிடைத்தது என்று யாருக்குமே நினைவில்லாத பரிசுகளும் வெளியேறின. அவை இருந்த தட்டில் இப்போது அம்மம்மாவின் பித்தளைச் செம்பும் ஒரு பனையோலைப் பெட்டியும் மட்டும் இருக்கின்றன. பளிங்குத் தாள் இருந்த சுவரில் ஒரேயொரு தும்பறைப் பாய் தொங்குகிறது. ஹன என்ற செடியின் நாரில் கறுப்பும் சிவப்புமாக நெய்யும் அந்தக் கைவினையை 2021 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருந்தது. நான் வாங்கியது சிறிய துண்டு, பளிங்குத் தாளின் விலையில் கால்பங்குகூட வரவில்லை. சுவரின் மிச்சம் முழுவதும் வெறுமையாகவே இருக்கிறது.

அகற்றியவற்றில் ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. வரவேற்பறையில் மூன்று நாட்காட்டிகள் தொங்கின, மூன்றும் செட்டியார் தெரு நகைக்கடைகளுடையவை. இரண்டைக் கழற்ற அம்மா சம்மதித்தார். மூன்றாவதில் இராகு காலமும் விரத நாள்களும் பெரிய எழுத்தில் இருப்பதால் அது போகாது என்றார். கடைசியில் அதைச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் மாட்டினோம். கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால், நல்ல நேரம் பார்க்க வேண்டுமென்றால் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. சாத்தும் சத்தத்தை வைத்தே அன்றைய மனநிலையை நான் அறிந்துகொள்கிறேன். தும்பறைப் பாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆணிக்கு இடம் இருக்கிறதே என்று போன வெள்ளிக்கிழமையும் கேட்டார்.